அவர் ‘உம்’ கொட்டுகிறார், அவ்வளவுதான்

கேள்வி: ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்4 நிலை எழுதுவதற்காகப் படிக்கிறேன். எட்டு மாதமாக ஞாயிறுதோறும் ஒசாகா தோழி ஒருவருடன் வீடியோ காலில் பேசுகிறேன். ரஜினி படம் பார்த்து அவருக்குத் தமிழ் மேல் ஆசை. நான் எதைச் சொன்னாலும் ‘ஹாய், ஹாய்’ (ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டுகிறார், ‘ஜோஸு’ (நன்றாகப் பேசுகிறீர்கள்) என்று பாராட்டுகிறார். ஒரு தப்பைக்கூடத் திருத்தியதில்லை. பத்தே நிமிடத்தில் இருவரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறோம். விட்டுவிட்டு வகுப்பில் சேரலாமா?
– வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

பதில்: வகுப்பில் சேருங்கள், ஆனால் இதை விடாதீர்கள்.

நீங்கள் பேசும்போது நடுநடுவே வரும் அந்த ‘ஹாய்’, நம்மூரில் கதை கேட்பவர் ‘உம்’ கொட்டுவது மாதிரி. ஜப்பானியர்கள் அதற்கு ‘ஐசுச்சி’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். ‘ஜோஸு’வும் இரண்டு வாக்கியம் பேசும் வெளிநாட்டுக்காரருக்குக் கிடைக்கிற மரியாதை.

சரி, அவர் தமிழை நீங்கள் திருத்துகிறீர்களா? ‘சூப்பர்!’ என்றுதானே சொல்கிறீர்கள்? கிளம்பும்போது அவர் ‘நான் போகிறேன்’ என்றால், ‘போயிட்டு வர்றேன்னு சொல்லுங்க’ என்று முதலில் நீங்கள் திருத்துங்கள். அப்புறம் அவர் கூச்சமும் குறையும். ‘தப்பா?’ என்று கேட்டால் ‘இல்லை, இல்லை’ என்றுதான் சொல்வார். ‘ஷிஸென் தெஸு கா?’, அதாவது இயல்பாக இருக்கிறதா என்று கேளுங்கள். ‘நாங்கள் இப்படிச் சொல்வோம்’ என்று ஆரம்பிப்பார்.

ஆங்கிலத்துக்கு மருந்து கடிகாரம். அரை மணி ஜப்பானியம், அரை மணி தமிழ். எத்தனை மணிக்குப் பேசுகிறீர்கள் என்று எழுதவில்லையே! அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். இங்கே இரவு 8 என்றால் அவருக்கு 11.30. தூக்கக் கலக்கத்தில் யார் திருத்துவார்? காலையில் பேசுங்கள்.

தமிழ் எழுத்தில் குறிப்பு எடுப்பவரா? இன்றே நிறுத்துங்கள். சொல் வரிசையும் குறில் நெடிலும் நமக்குக் கைகொடுக்கும். வல்லினம்தான் காலை வாரும். ‘தைககு’ என்று எழுதிவைத்தால், ‘தேவி’யில் வரும் தகரமா, ‘தங்க’த்தில் வரும் தகரமா? முன்னது பல்கலைக்கழகம். பின்னது படிப்பைப் பாதியில் விடுவது!

என்4 தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. கான்ஜி எழுத்து, இலக்கணம், வாசிப்பு எல்லாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை, உங்கள் வீட்டுப் பிள்ளை ‘தைககு’ போவதாகச் சொல்லிப் பாருங்கள். அவர் வாழ்த்தினால் உச்சரிப்பு சரி. முகம் வாடினால், திருத்தச் சொல்லிக் கேளுங்கள்.