90,000 ரூபாய் லேப்டாப் வேண்டாம், வளையல் வீட்டிலேயே இருக்கட்டும்

விருதுநகர் பக்கத்திலிருந்து ஓர் அப்பா கூப்பிட்டிருந்தார். மகளுக்கு மதுரையில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.சி.ஏ. சீட் கிடைத்திருக்கிறது. சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் பெண்ணின் மாமா, "கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் வாங்கினால் வீண், இனி எல்லாம் ஏ.ஐ.தான்" என்று 90,000 ரூபாய்க்கு ஒரு கேமிங் லேப்டாப்பைக் காட்டியிருக்கிறார். வளையலை அடகு வைப்பதா, இ.எம்.ஐ. போடுவதா? இதுதான் அப்பாவின் கேள்வி.

இரண்டும் வேண்டாம். கல்லூரிக் கட்டணமே கழுத்தை நெரிக்கும் வருடம் இது. முதல் இரண்டு வருடம் அவள் படிக்கப் போவது சி, பைத்தான், ஜாவா, டேட்டாபேஸ் போன்றவை. இதற்கெல்லாம் கிராபிக்ஸ் கார்டுக்கு வேலையே இல்லை. பின்னால் ஏ.ஐ.யின் அடிப்படையான மெஷின் லேர்னிங் பக்கம் போனாலும், கூகுள் கோலாப் என்ற இணையச் சேவை பிரவுசரிலேயே ஜி.பி.யூ., அதாவது கிராபிக்ஸ் சிப் தருகிறது, நேரக் கட்டுப்பாடு உண்டு, ஆனால் இலவசம். கேமிங் மெஷின் பெரும்பாலும் 2 கிலோவுக்கு மேல் இருக்கும், சார்ஜர் எடை தனி. தினமும் பஸ்ஸில் போய்வரும் பெண் அதைச் சுமக்க வேண்டும்.

மகளிடமும் பேசினேன். பிளஸ் டூ லீவில் போனிலேயே ஓர் எடிட்டர் ஆப் வைத்து, பக்கத்துப் பலகாரக் கடைக்கு ஒரு வலைப்பக்கம் செய்து பார்த்திருக்கிறாள். வெப்சைட் செய்வதில்தான் அவளுக்கு ஆசை. இதை வீட்டில் யாருமே கேட்கவில்லை என்பது எனக்கு வருத்தம். அவளுக்கு வேண்டியது நல்ல கீபோர்டு, கண்ணை உறுத்தாத திரை, பத்து டேப் திறந்தாலும் திணறாத ரேம்.

ஷோரூம் மாடல்களைப் பற்றி அங்கே நிற்பவர்களே சொல்வார்கள். அவர்கள் சொல்லாத வழி ஒன்று இருக்கிறது. கம்பெனிகள் சில வருடம் பயன்படுத்திவிட்டுக் கழித்துவிடும் ஆபீஸ் லேப்டாப்களைச் சரிபார்த்து விற்கிறார்கள். லெனோவா திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 7490, எச்.பி. எலைட்புக் 840 ஜி5 ஆகிய மூன்றும் 2018 வாக்கில் வந்தவை. சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடங்களில் சுமார் 20,000 முதல் 25,000 ரூபாய்க்குள் தேடலாம். அதே விலைக்குப் புதிதாக வாங்கினால் பெரும்பாலும் செலரான் என்ற வேகம் குறைந்த சிப்பும், கூட்ட முடியாதபடி போர்டிலேயே பதித்த ரேமும்தான் கிடைக்கும். டி480-ல் இரண்டு ரேம் ஸ்லாட் உண்டு. இப்போது 8 ஜி.பி.யோடு வாங்கி, போன் ஆப் செய்ய உதவும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ போடும் நாளில் 16 ஆக்கிக்கொள்ளலாம். உள்ளே ஒரு பேட்டரி, கழற்றி மாட்ட வெளியே ஒன்று. வெளியே உள்ளது சோர்ந்துபோனால் நீங்களே மாற்றிவிடலாம்.

"ஐ5 சார்" என்று கடைக்காரர் சொன்னதும் தலையாட்டாதீர்கள். ஐ5 என்பது இன்டெல் சிப் வரிசையின் பெயர், அதில் பல தலைமுறைகள் உண்டு. ஐ5-8350யூ என்றால் கோட்டுக்கு அடுத்து வரும் 8-தான் தலைமுறை. ஐ5-6300யூ என்றால் ஆறாவது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இன்டெல் சிப்களை ஏற்கிறது, விதிவிலக்குகள் மிகக் குறைவு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்களை மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், கவனம்.

திரை 1920×1080 ஐ.பி.எஸ்.தானா (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத வகை) என்று கேளுங்கள். டி480-லேயே 1366×768 திரை வைத்ததும் உண்டு. பேட்டரி ரிப்போர்ட்டை எடுக்கச் சொல்லி, டிசைன் கெப்பாசிட்டிக்கும் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி டிசைன் கெப்பாசிட்டியில் பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரி போட்டுத் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டு கேட்டாலோ, விண்டோஸை ரீசெட் செய்த பிறகு ஏதோ கம்பெனியின் லாகின் பக்கம் வந்தாலோ, மெஷின் இன்னும் பழைய கம்பெனியின் பூட்டில் இருக்கலாம், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கீல் ஆடுகிறதா, எல்லா யூ.எஸ்.பி. போர்ட்டும் வேலை செய்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு விண்டோஸ் பக்கத்திலேயே உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ போட்டுக்கொள்ளட்டும். இவை விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் வகைகள். இரண்டும் இலவசம். வெப்சைட்டுகள் பெரும்பாலும் லினக்ஸ் சர்வரில்தான் ஓடுகின்றன. அவள் போக நினைக்கும் வழிக்கு இந்தப் பழக்கம் நேராக உதவும்.

மாமாவுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுங்கள், அதை மகள் தலையில் கட்டாதீர்கள். கடைக்கு அவளையும் கூட்டிப் போங்கள். நின்றபடியே ஒரு பத்து நிமிடம் அவள் டைப் செய்து பார்க்கட்டும். எந்தக் கீயாவது சிக்குகிறது என்றால் வேறு பீஸ் கேளுங்கள். ஜி.எஸ்.டி. பில்லும் குறைந்தது ஆறு மாத வாரன்டியும் எழுத்தில் தராவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.