ஓடுகிற நாய்க்கு விரல் பிசகினால்: கேள்வி பதில்

கன்னி, சிப்பிப்பாறை இன நாய் வளர்ப்பவர்கள் கால் விரல் அடிபடுவது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் திருநெல்வேலிச் சீமையில்தான் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தேன். ஓடும் நாய்களின் விரலைப் பற்றி அதிகம் எழுதி வைத்திருப்பவர்கள் வெளிநாட்டில் பந்தய கிரேஹவுண்டுக்கு வைத்தியம் பார்த்தவர்கள். நம் நாய்களுக்கும் அதே ஒல்லி உடம்பு, அதே நீள விரல். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

தேவர்குளத்திலிருந்து: அண்ணாச்சி, என் கன்னிக்கு இரண்டு வயது. கரிசல் காட்டில் ஓடும்போது வெடிப்பில் கால் மாட்டி, முன்னங்கால் விரல் ஒன்று பக்கவாட்டில் திரும்பிவிட்டது. நானே இழுத்துவிட்டேன், உட்கார்ந்துவிட்டது. இப்போது லேசாகத்தான் நொண்டுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா?

போங்கள் தம்பி, முடிந்தால் இன்றைக்கே. தரையில் படுகிற ஒவ்வொரு விரலிலும் மூன்று எலும்பு இருக்கிறது. அவை சேரும் மூட்டை இரண்டு பக்கமும் கயிறு மாதிரி ஒரு நார் பிடித்திருக்கும். விரல் பக்கவாட்டில் திரும்பியது என்றால் ஒரு பக்கத்து நார் அறுந்திருக்கிறது. நீங்கள் எலும்பைத்தான் உள்ளே தள்ளினீர்கள். அறுந்த நார் அறுந்தபடியே கிடக்கிறது. வீக்கம் வடிந்ததும் நாய் நன்றாக நடக்கும், நமக்கும் நிம்மதியாக இருக்கும். முழு வேகத்தில் ஓடுகிற அன்றைக்கு அதே விரல் மறுபடி வெளியே வரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இந்தத் தவறைச் செய்தேன். மானூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், சைக்கிள் கேரியரில் பேரனை உட்காரவைத்து, அவன் மடியில் ஒரு சிப்பிப்பாறையைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். விரலைத் தள்ளிவிட்டுக் கட்டுப் போட்டு, இரண்டு வாரத்தில் ஓடவிடலாம் என்றேன். ஆறு வாரத்துக்குள் மூன்று முறை வந்தார். மூன்றாவது முறை தொட்டுப் பார்த்தபோது மூட்டுக்குள் எலும்பு எலும்போடு உரசுவது என் கட்டைவிரலுக்கே தெரிந்தது. அதற்குமேல் தைப்பதற்கு நார் மிச்சமில்லை. விரலை எடுக்க வேண்டியதாயிற்று. முதல் நாளே சரியாகப் பார்த்திருந்தால் அந்த விரல் நின்றிருக்கும். இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

நார் அறுந்த முதல் இரண்டு மூன்று நாளில் அதன் முனைகள் தையலைப் பிடித்துக்கொள்ளும் நிலையில் இருக்கும். நாள் போகப் போக நைந்துவிடும். எக்ஸ்ரே கட்டாயம் எடுக்கச் சொல்லுங்கள். நாரோடு சேர்ந்து எலும்பிலிருந்து ஒரு சில்லு பிய்ந்து வந்திருந்தால் அதில்தான் தெரியும். போகிற வழியில் நடக்கவிடாதீர்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குத் தூரமில்லை.

புளியங்குடியிலிருந்து, ஒரு கல்லூரி மாணவர்: சார், பந்தய கிரேஹவுண்டுக்கு விரல் அதிகம் அடிபடுவது ஏன்?

அயர்லாந்து, இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான தடங்கள் வளைந்து சுற்றி வருபவை. நாய்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓடும், எப்போதும் இடது பக்கமாகவே திரும்பும். நாம் வளைவில் ஓடினால் வேகம் தானாகக் குறையும். கிரேஹவுண்ட் குறைப்பதில்லை என்று 2005-ல் அளந்தே காட்டினார்கள். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் நாய் அந்த வேகத்திலேயே திரும்பினால், உடம்பின் பாரம் கூடி, வளைவின் உள்பக்கம் இருக்கும் விரல்களில் இறங்கும்.

அதனால் அவற்றுக்கு எலும்பு முறிவதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. இடது முன்னங்காலில் வெளி விரலுக்கு மேலே உள்ள எலும்பு, வலது முன்னங்காலில் உள் விரலுக்கு மேலே உள்ள எலும்பு. நினைத்துப் பாருங்கள், இரண்டுமே அந்தந்தப் பாதத்தின் இடது ஓரம்தான். பின்னங்காலில் வலது கணுக்காலின் நடு எலும்பு. வருகிற நாயின் எந்தக் காலை முதலில் தொடுவது என்று அங்கே உள்ள மருத்துவருக்குக் கை பழகியிருக்கும்.

நேராக ஓடவிட்டால் இந்தக் கணக்கு அப்படியே வராது. நம் பக்கம் நான் பார்த்தவற்றுக்குத் தரைதான் காரணம். சங்கரன்கோவில், கயத்தாறு கரிசலில் கோடைக்கு விழும் வெடிப்பு விரலைத் திருப்பும். திசையன்விளைப் பக்கம் தேரி மணலில் விரலுக்கு இடையில் இருக்கும் தோல் கிழியும், நகம் பிய்யும். உடைமுள் எல்லா இடத்திலும் இருக்கிறது. விரல் வீங்கினால் பிசகு என்று முடிவு கட்டுவதற்கு முன் விரல் இடுக்கை விரித்து, வெளிச்சத்தில் முள் இருக்கிறதா என்று பாருங்கள்.

நாங்குநேரியிலிருந்து ஒரு அம்மா: எங்கள் நாயின் பின்னங்கால் வெளி விரல் நொறுங்கிவிட்டது. விரலை எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர். விரல் போனால் அது எப்படி ஓடும்? மனசு கேட்கவில்லை.

உங்கள் வருத்தம் புரிகிறதம்மா. ஆனால் எந்த விரல் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாயின் பாரத்தை அதிகம் தாங்குவது நடுவில் உள்ள இரண்டு விரல்கள். ஓரத்து விரல்கள் இரண்டும் திரும்பும்போதும் ஊன்றும்போதும் துணைக்கு நிற்பவை. ஓர விரல் ஒன்றை எடுத்த நாய்கள் நன்றாக ஓடுகின்றன. நொறுங்கிய விரலை அப்படியே விட்டால் அது ஒவ்வொரு அடியிலும் வலிக்கும், அந்த வலிக்காகக் காலைத் தூக்கித் தூக்கி மற்றக் கால்களும் கெடும்.

நடு விரல் என்றால் நானும் யோசிப்பேன். உடைந்த எலும்பைக் கம்பியோ தகடோ வைத்துச் சேர்க்க முடியுமா, மூட்டை அசையாமல் ஒன்றாக்கிவிட முடியுமா என்று முதலில் பார்க்கச் சொல்வேன். நடு விரல் ஒன்றை இழந்தும் வீட்டு நாய் நடமாடும், பந்தய ஓட்டம்தான் சந்தேகம். ஒரே பாதத்தில் இரண்டு நடு விரலும் போனால் நொண்டல் நிலைத்துவிடும்.

உங்கள் நாய்க்கு வெளி விரல். தைரியமாகச் செய்யுங்கள். தையல் பிரிக்கப் பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும். அதுவரை நக்கவிடாதீர்கள், கழுத்தில் கூம்பு கட்டாயம். நம் ஊர் வெயிலில் ஈ உட்கார்ந்தால் இரண்டே நாளில் புழு வைத்துவிடும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: கிரேஹவுண்டுக்கு மயக்க ஊசி ஆபத்து என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. தயோபென்டோன் என்ற பழைய மயக்க மருந்தை உடைக்கிற கல்லீரல் நொதி கிரேஹவுண்டுக்குக் குறைவு, மருந்தை வாங்கி வைத்துக்கொள்ளக் கொழுப்பும் இல்லை. அதனால் மற்ற நாய் எழுந்து நடக்கும் நேரத்தில் இது மணிக்கணக்கில் கிடக்கும். அந்த மருந்தைத் தவிர்த்து வேறு மருந்தில் மயக்கினால் பயப்பட வேண்டியதில்லை. இன்னொன்று, அறுவைச் சிகிச்சை நன்றாக முடிந்து, ஒன்றிரண்டு நாள் கழித்துத் தையலிலிருந்து ரத்தம் கசிவது கிரேஹவுண்டில் சகஜம். அதைத் தடுக்க மருந்து இருக்கிறது, முன்கூட்டியே கொடுப்பார்கள்.

நம் கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் இதே எச்சரிக்கையோடுதான் நான் வேலை செய்தேன். கொழுப்பில்லாத உடம்பு சீக்கிரம் குளிர்ந்துபோகும். மயக்கம் தெளியும்வரை ஒரு போர்வை போர்த்துங்கள்.

கழுகுமலையிலிருந்து: வலி தாங்காமல் அழுகிறது. வீட்டில் நாங்கள் சாப்பிடும் வலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?

கூடாது. இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு தவறினால் கல்லீரலைக் கெடுக்கும், ரத்தத்தையும் கெடுக்கும். நாய்க்கென்று வலி மருந்துகள் இருக்கின்றன. எடை போட்டுப் பார்த்து டாக்டர் எழுதித் தருவார்.

வள்ளியூரிலிருந்து: எங்கள் ஊரில் மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் போட்டுக் கட்டுவார்கள். மனுசருக்கு எல்லாம் கூடியிருக்கிறது. நாய்க்குக் கட்டலாமா?

கட்டுபவர் கைராசியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. மனிதன் கட்டு இறுக்குகிறது என்று வாயைத் திறந்து சொல்வான். நாய் சொல்லாது. இறுகிய கட்டை ஐந்து நாள் கழித்துப் பிரித்தபோது நான்கு விரலும் கறுத்துச் சில்லென்று இருந்த ஒரு நாயைப் பார்த்திருக்கிறேன். கெட்ட வாடை கட்டைப் பிரிக்கும் முன்பே வந்துவிட்டது. ஒரே ஒரு விரல் பிசகிய நாய், பாதத்தையே இழந்தது.

யார் கட்டினாலும் சரி, மாவுக்கட்டாக இருந்தாலும் சரி: விரல் இடுக்கில் பஞ்சு வைக்க வேண்டும், நடு விரல் இரண்டின் நக நுனி வெளியே தெரிய வேண்டும். காலையும் மாலையும் அந்த இரண்டு நகங்களைப் பாருங்கள். அருகருகே இருந்தவை விலகி நின்றால் உள்ளே வீங்குகிறது. அன்றைக்கே பிரித்துவிடுங்கள்.

மெல்போர்னில் இருக்கும் ஒரு பாளையங்கோட்டைக்காரர்: பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்டை எடுத்து வளர்க்கிறோம். புல்லில் நன்றாக நடக்கிறது, சிமெண்டுத் தரையில் மட்டும் நொண்டுகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை.

பாத மெத்தையை நனைத்துப் பாருங்கள். வட்டமாக, சுற்றியுள்ள தோலைவிட வெளிறி, கெட்டியாக ஒன்று தெரியும். அது காலாணி. கிரேஹவுண்ட் இனத்துக்கே அதிகம் வருவது, பெரும்பாலும் முன்னங்காலின் நடு விரல்களில். மென்மையான தரையில் நடந்து, கடினமான தரையில் நொண்டுவதுதான் அதன் அடையாளம். பக்கவாட்டில் அழுத்தினால் காலை இழுத்துக்கொள்ளும்.

தோண்டி எடுத்தால் கொஞ்ச நாள் சுகமாக இருக்கும், பெரும்பாலும் திரும்ப வரும். விரலையே எடுப்பதும் உண்டு, ஆனால் பாரம் அடுத்த விரலுக்குப் போய் அங்கே புதிதாக ஆணி வரலாம். இப்போது விரலை மடக்கும் மேல் நாணை (தசையை எலும்போடு சேர்க்கும் கயிறு) மட்டும் சிறு கீறலில் வெட்டிவிடுகிறார்கள். விரல் கொஞ்சம் தட்டையாகி, ஆணி இருக்கும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. ஓய்வு பெற்ற நாய்க்கு நான் முதலில் இதைப் பற்றித்தான் விசாரிப்பேன். அங்கே செய்பவர்கள் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

சேரன்மகாதேவியிலிருந்து: ஒரு நகம் மட்டும் மேலே பார்த்துத் தூக்கி நிற்கிறது. வலி இல்லை.

நுனி எலும்பை மடக்கும் நாண் அறுந்திருக்கிறது. பார்க்க ஒரு மாதிரி இருக்குமே தவிர, பல நாய்கள் அப்படியே ஓடுகின்றன. அந்த நகம் தேயாது, அதை மட்டும் அடிக்கடி வெட்டிவிடுங்கள்.

ஊர் சொல்ல விரும்பாத ஒருவர்: முயலுக்கு விடும்போது விரல் பிசகியது. சரியாக எத்தனை நாள் ஆகும்? அடுத்த மாதம் மறுபடி போகவேண்டும்.

விரலுக்கு வைத்தியம் மேலே சொன்னதுதான். முயல் வேட்டை 1972-ம் வருட வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்காக நாயைத் தேற்றித் தரும் யோசனையை என்னிடம் கேட்காதீர்கள். அந்த நாயை ஓடவிட வேறு இடம் இருக்கிறது, கல் பொறுக்கிய ஒரு வயல் போதும்.

கடையநல்லூரிலிருந்து: பத்து வயது நாய். அடி எதுவும் படவில்லை. ஒரு விரல் மூன்று மாதமாக வீங்கி, நகம் விழுந்து, மருந்துக்கு ஆறவில்லை.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். வயதான நாயில் ஒரே விரல் காரணமில்லாமல் வீங்கி நகம் விழுந்தால் நகக்கண்ணில் புற்றுநோயாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் நுனி எலும்பு அரித்திருக்கிறதா என்று பார்த்து, சதையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். கிருமி எலும்புக்குள் போயிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். எதுவானாலும் பெரும்பாலும் அந்த விரலை எடுப்பதுதான் வைத்தியம். சீக்கிரம் எடுத்தால் நாய் பிழைக்க வழி இருக்கிறது.

கங்கைகொண்டானிலிருந்து: நார் தைத்து ஐந்து வாரம் ஆகிறது. துள்ளுகிறது, பிடிக்க முடியவில்லை. எப்போது ஓடவிடலாம்?

இன்னும் இல்லை. கட்டு இரண்டு மூன்று வாரம், அப்புறம் கயிற்றில் பிடித்து நடை, ஓட்டம் என்றால் குறைந்தது இரண்டு மாதம் கழித்து. துள்ளுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்த இன நாய்கள் வலியோடும் துள்ளும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். அதிகாலையில் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய், தண்ணீர் வடிந்து லேசாக இறுகிய மணலில் கயிற்றோடு நடக்கவைப்பேன். திரும்பி வந்து தடத்தைக் குனிந்து பார்ப்பேன். நல்ல பாதத்தில் நான்கு விரலும் தெளிவாகப் பதிந்து, நான்கு நகத்துக்கும் முன்னால் சின்னக் குழி இருக்கும். ஆறாத பாதத்தில் அந்த விரல் மட்டும் மேலோட்டமாக, நகக்குழி இல்லாமல் இருக்கும். இரண்டு முன்னங்கால் தடமும் ஒன்றுபோல் ஆகும்வரை வாரம் ஒரு முறை போய்ப் பாருங்கள். ஒன்றுபோல் ஆன பிறகும் முதல் ஓட்டம் நேராக, குறைந்த தூரம், வெடிப்பில்லாத தரையில்.