வளைவு இடம் மாறியிருந்தால் அச்சு போலியா?

கேள்வி: ரோமாபுரியின் இடிபாடுகளைக் காட்டும் பழைய எட்சிங் (செப்புத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து எடுக்கும் அச்சு) ஒன்று எங்கள் வீட்டில் உள்ளது. கேபிடோல் குன்றிலிருந்து நோக்கும்போது இடப்பக்கம் தெரிய வேண்டிய செப்டிமியஸ் செவரஸ் வளைவு, இதில் வலப்பக்கம் நிற்கிறது. இது போலியா?

பதில்: அந்த ஒரு காரணத்தால் ஒதுக்கிவிட வேண்டாம். மெழுகுப் பூச்சிட்ட செப்புத் தகட்டில் ஓவியர் தாம் கண்ட திசையிலேயே ஊசியால் கீறினால், தாளில் காட்சி இடவலம் மாறித்தான் விழும். அதைத் தவிர்க்க முன்கூட்டியே திருப்பி வரைந்தவர்களும் உண்டு; பொருட்படுத்தாதவர்களும் உண்டு.

முதலில் பூதக்கண்ணாடியால் பாருங்கள். கோடுகள் சீரான சிறு புள்ளிகளாகப் பிரிந்தால் அது பிற்கால இயந்திர அச்சு. படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய தடம் இருப்பது நல்ல அறிகுறியே. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் அமான் துராந் போன்றோர் ஒளிப்பட முறையில் தகடு செய்து அச்சிட்ட நகல்களிலும் அத்தடம் இருக்கும் என்பதால், அதையே முடிவான சான்றாகக் கொள்ள இயலாது. அடுத்து, தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். 17ஆம் நூற்றாண்டுத் தாளில் நெருக்கமான கம்பித் தடங்களும், அவற்றைக் குறுக்கே வெட்டும் இடைவெளி மிகுந்த தடங்களும், சில வேளை நீர்க்குறியும் (தாளுக்குள்ளேயே பதிந்த அடையாளம்) தெரியும். தடமே இல்லாத வழுவழுப்பான தாள் 1750களுக்குப் பின்னரே புழக்கத்துக்கு வந்தது.

தாள் பழையதாயினும், அச்சு எப்போது எடுக்கப்பட்டது என்ற வினா எஞ்சும். விலையைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது அதுதான். மாட்டுச் சந்தையாகியிருந்த ஃபோரத்தை (பண்டைய ரோமாபுரியின் பொதுச் சதுக்கம்) 1636இல் எட்சிங்காகத் தந்த ஓவியர் குளோட் லொரேன் போன்றோர், முன்னால் நிற்கும் தூண்களை அமிலம் ஆழமாக அரிக்கவும், தொலைவிலுள்ள குன்றுகளை மேலோட்டமாகத் தொடவும் விட்டனர். தகடு தேயும்போது முதலில் மறைவன அந்த மெல்லிய கோடுகளே. ஆகவே, கம்பீரமான தூண்களைவிட்டு வானத்தையும் தொடுவானத்தையும் கவனியுங்கள். அங்கே வெறுமை இருந்தால், அது தேய்ந்த தகட்டிலிருந்து எடுத்த பிந்திய அச்சாக இருக்க வாய்ப்பு மிகுதி. (ரோமாபுரிக் காட்சிகளை எட்சிங்காக்கிய பிரானேசியின் பெயர் இருந்தால் இன்னும் நிதானம் தேவை: அவர் 1778இல் மறைந்த பிறகும் அவருடைய தகடுகளிலிருந்து பல பத்தாண்டுகள் அச்செடுத்தனர்.)

சட்டமிடுபவர் ஓரத்தைக் கத்தரிக்கவோ, தாளைப் பலகையில் ஒட்டவோ அனுமதிக்காதீர்கள். கறையை நீரில் கழுவும் முயற்சியும் வேண்டாம். அதைக் காகிதப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் ஒப்படையுங்கள்.