காற்றழுத்தத்தால் சுடுகிற ஏர் ரைஃபிளில் பழக, பட்டதும் உடைகிற, விழுகிற இலக்குகளை அதிகச் செலவில்லாமல் வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இலக்கு எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

உங்களிடம் இருப்பது 4.5 மி.மீ. ஏர் ரைஃபிள், சுடுவது பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டு, தூரம் 10 மீட்டர் அளவில், காகித இலக்கு அட்டை அலுத்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அந்த நிலையில்தான் இருப்பார்கள். வெடிமருந்துத் தோட்டா போடுகிற துப்பாக்கி என்றால் நான் கீழே சொல்வது எதுவும் பொருந்தாது. அதற்கு முறையான சுடுதளம் இருக்கிறது, அங்கே போய்விடுங்கள்.

என் அக்கா மகனுக்கு அப்போது 14 வயது. நான்தான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தேன். முதல் இரண்டு வாரம் அட்டைதான். அந்த அட்டையின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ., நடுவில் இருக்கிற, பத்து மதிப்பெண் தருகிற புள்ளி அரை மில்லிமீட்டர். கறுப்புக்குள் விழுந்த துளை 10 மீட்டரிலிருந்து வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் துப்பாக்கியைக் காலியாக்கிக் கீழே வைத்து, நடந்து போய்ப் பார்த்து, திரும்பி வர வேண்டும். மூன்றாவது வாரம் பையன் சொன்னான்: "மாமா, பட்டுச்சா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது. எதுக்குச் சுடுறேன்னு தோணுது."

நியாயமான பேச்சு. அன்று சாயங்காலமே ஒரு மரச்சட்டத்தின் மேல் களிமண்ணை நீளமாக ஒட்டி, சாக்பீஸ் துண்டுகளை வரிசையாக நட்டு வைத்தேன். பின்னால் தடுப்புக்கு ஒரு பழைய டயரைச் சாய்த்து வைத்தேன். ரப்பர்தானே, வாங்கிக்கொள்ளும் என்று நினைத்தேன்.

முதல் சாக்பீஸ் உடைந்தபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். 'டப்' என்று ஒரு சத்தம், வெள்ளையாக ஒரு புகை, சட்டத்தில் அடித்துண்டு மட்டும் நிற்கிறது. ஓரத்தில் உரசினால் அப்படி வெடிக்காது, துண்டு சுழன்று விழும். நடுவில் பட்டதா ஓரத்தில் பட்டதா என்று இருந்த இடத்திலிருந்தே தெரிந்துவிடும். இதைவிட மலிவான ஆசிரியர் கிடையாது.

ஐந்தாவதோ ஆறாவதோ குறி தப்பி டயரில் பட்டது. அடுத்த கணம் அவன் தலையைப் பின்னால் இழுத்தான். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தோம். வலது கண்ணுக்கு நேராக, மிளகு அளவுக்கு, சாம்பல் நிறத்தில் ஈயம் தீற்றியிருந்தது. ரப்பர் பெல்லட்டை வாங்கிக்கொள்ளவில்லை, அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறது. கண்ணாடி போட்டால்தான் துப்பாக்கியைத் தொடலாம் என்று முதல் நாளே பிடிவாதம் பிடித்திருந்தேன். இல்லாவிட்டால் அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அதற்கப்புறம் ஒரு மாதம் எந்த இலக்கும் செய்யவில்லை, தடுப்புப் பெட்டி மட்டும்தான் செய்தேன். முன்பக்கம் திறந்த மரப்பெட்டி. உள்ளே பின்புறம் இரும்புத் தகடு, மேல்பக்கம் நம்மை நோக்கிச் சாய்ந்தபடி, படுகிற ஈயம் கீழே இறங்குகிற மாதிரி. அதற்கு முன்னால் பழைய துணியை நெருக்கமாகத் திணித்து, வாயை அட்டையால் மூடினேன். பெட்டிக்குப் பின்னால் ஆள் நடமாட்டமே இல்லாத முழுச் சுவர். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பட்டால் துணி குழிந்துவிடும், அவ்வப்போது கலைத்துத் திணிக்க வேண்டும். டயர், தடிமனான கடின மரம், கருங்கல் இவற்றைத் தடுப்பாக வைக்கவே வைக்காதீர்கள். உருண்டை எஃகுக் குண்டு சுடுகிற துப்பாக்கி என்றால் இரும்பு இலக்குகளையும் மறந்துவிடுங்கள். ஈயம் பட்டதும் நசுங்கிவிடும், எஃகு நசுங்காமல் வேகத்தோடு திரும்பி வரும்.

சரி, இலக்குகளுக்கு வருகிறேன். சாக்பீஸைத்தான் முதலில் சொல்வேன், மழையில் கரைந்து மண்ணோடு போய்விடும். பாட்டில் மூடிகளை நூலில் தொங்கவிட்டால் பட்டதும் சுற்றும், ஆனால் காற்றடித்தாலும் சுற்றும். முழுதாக ஊதிய பலூன் சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கிழிந்த ரப்பரைப் பொறுக்கிவிடுங்கள், பறவைகள் கொத்தும். காலி டின்னில் தண்ணீர் ஊற்றி வைத்தால் பட்ட இடத்தில் பீய்ச்சி அடிக்கும். கண்ணாடி பாட்டில் மட்டும் வேண்டாம். வாசனை ஸ்பிரே டப்பா, லைட்டர், கேஸ் நிரப்பிய எதுவும் கூடவே கூடாது. வீடியோக்களில் இதையெல்லாம் சுட்டுக் காட்டிவிட்டுச் சில்லுகளை அப்படியே தரையில் விட்டுப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அடுத்து அந்த வழியாக வெறுங்காலோடு வருவது யாரோ ஒரு குழந்தையாக இருக்கலாம்.

நான் செய்ததில் எனக்குப் பெருமையானது விழுந்தெழும் தகடுதான். பயத்லான் போட்டியை, அதாவது பனிச்சறுக்கோடு துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த போட்டியை, பார்த்துவிட்டு வந்த யோசனை. அதில் 50 மீட்டரில் ஐந்து கறுப்பு வட்டங்கள் இருக்கும். படுத்துச் சுடும்போது 45 மி.மீ., நின்று சுடும்போது 115 மி.மீ. பட்டதும் கறுப்பு மறைந்து வெள்ளை தெரியும். நான் ஐந்து சின்ன இரும்புத் தகடுகளைக் கதவுக் கீலில் பொருத்தி, ஒரே சட்டத்தில் வரிசையாக நிறுத்தினேன். மேடு பள்ளம் இல்லாத தட்டையான தகடு வேண்டும், குழிந்தது பெல்லட்டை எந்தப் பக்கம் அனுப்பும் என்று சொல்ல முடியாது. ஏறக்குறைய நேராக நிற்கிற மாதிரி வைத்தால்தான் பெல்லட்டின் அடிக்கு விழும். ஐந்திலும் துளையிட்டு ஒரு கயிற்றைக் கோத்துச் சுடுகிற இடம் வரை கொண்டு வந்துவிட்டேன். கயிற்றை இழுத்தால் ஐந்தும் எழுந்து நிற்கும், யாரும் முன்னால் போக வேண்டியதில்லை.   

"இதெல்லாம் பொம்மை விளையாட்டு, பையன் கெட்டுப்போவான்" என்று ஒரு பயிற்சியாளர் என்னிடமே சொன்னார். உடைவதைப் பார்க்கிற ஆசையில் தலையைத் தூக்கிவிடுவான் என்பது அவர் வாதம். முதல் வாரம் தூக்கினான், உண்மைதான். ஆனால் அட்டையில் சுட்டபோதும் துளை எங்கே என்று தேடித் தூக்கிக்கொண்டுதான் இருந்தான். சாக்பீஸ் துண்டு தரையில் விழும் வரை கன்னம் துப்பாக்கிக் கட்டையை விட்டு எழக்கூடாது என்று ஒரு விதி வைத்தேன். குறிபார்க்கும்போதே இலக்கு உடைவது தெரிவதால் அவனுக்குத் தலையைத் தூக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. அட்டையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குறி இடப்பக்கம் இழுக்கிறதா, சிதறுகிறதா என்பதை அட்டைதான் சொல்லும். வாரத்தில் ஒரு நாள் இப்போதும் அட்டைதான்.

துப்பாக்கி என்றாலே முகம் சுளிப்பவர்களும் இதைப் படிப்பீர்கள். 10 மீட்டரில் ஒரு சாக்பீஸை உடைக்க மூச்சை அடக்கி நிற்கிற பையனிடம் நான் பார்த்தது பொறுமையைத்தான். உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஈயம் விரலில் ஒட்டும்.

அப்புறம், தகடு செய்வதாக இருந்தால் கயிறு நைலானாகவே இருக்கட்டும். நான் முதலில் கட்டிய பருத்திக் கயிறு மழையில் நனைந்து இற்றுப்போய், மூன்றாவது தகட்டுக்குப் பக்கத்திலேயே அறுந்தது.