நானோ நொடி என்றால் என்ன? கிரேஸ் ஹாப்பர் அதற்கு ஏன் கம்பித் துண்டு கொடுத்தார்?

ஒரு நொடியை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் நானோ நொடி. அந்த நேரத்தில் ஒளி வெற்றிடத்தில் சுமார் 30 செ.மீ. போகும், எந்தச் சிக்னலும் அதை முந்த முடியாது. கணினித் துறை முன்னோடி கிரேஸ் ஹாப்பர் தந்த கம்பியின் நீளமும் அதுவே, சுமார் 11.8 அங்குலம்.

அமெரிக்காவின் வாஸர் கல்லூரியில் 1931 முதல் கணிதம் கற்பித்தவர் அவர். 1943-இல் கடற்படை ரிசர்வில் சேர்ந்து, மறு ஆண்டு ஹார்வர்டின் மார்க் 1 கணினிக்கு நிரல் எழுதப் போனார். 1952-இல் ஏ-0 என்ற கம்பைலரை (நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) உருவாக்கினார். இத்தனைக்குப் பிறகும் உள்ளே இருந்த ஆசிரியர் ஓயவில்லை. சாட்டிலைட் வழிச் செய்தி ஏன் தாமதிக்கிறது என்று கேட்ட அதிகாரிகளுக்கு இந்தக் கம்பியைக் காட்டியே புரியவைத்தார். மைக்ரோ நொடிக்கு, அதாவது ஆயிரம் நானோ நொடிக்கு, 984 அடிக் கம்பிச் சுருள்!

நிரல் எழுதுபவருக்கு இதில் என்ன? 3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் நொடிக்கு 300 கோடி முறை துடிக்கும்; அதன் ஒரு துடிப்புக்குள் ஒளியே 10 செ.மீ.தான் நகரும். அதனால் அடிக்கடி வேண்டிய தரவைப் பிராசஸருக்குள்ளேயே கேஷ் நினைவகத்தில் வைக்கிறார்கள். அங்கிருந்து எடுக்க ஓரிரு நானோ நொடி; பிராசஸருக்கு வெளியே உள்ள முதன்மை நினைவகமான ரேமிலிருந்து என்றால் 100 வரை ஆகலாம் (தூரம் மட்டுமல்ல, ரேம் சில்லின் மந்தமும் காரணம்). தாளிக்கும்போது கடுகு அஞ்சறைப் பெட்டியில் இருப்பதற்கும், தெருமுனைக் கடைக்கு ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

அந்தக் கம்பியில் மின் சிக்னல் சரியாக ஒரு நானோ நொடியில் ஓடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 30 செ.மீ. என்பது உச்சவரம்பு; சாதாரண கேபிளில் சிக்னல் நானோ நொடிக்கு 20 செ.மீ. அளவே போகும்.