வாசகர் கேள்வி பதில்: மலையை வெட்டினால் வேலை வருமா?

அமெரிக்காவின் கிழக்கே அப்பலாச்சிய மலைகளில், குறிப்பாக மேற்கு வர்ஜீனியாவிலும் கென்டக்கியிலும், மலையுச்சியையே வெடிவைத்துத் தகர்த்து நிலக்கரி எடுக்கிறார்கள். அதை நிறுத்த வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: சுரங்கம் என்றால் பூமிக்குள் குடைந்து போவதுதானே? உச்சியை ஏன் எடுக்க வேண்டும்?

பதில்: அங்கே கரி மலைக்குள் மெல்லிய படுகைகளாகக் கிடக்கிறது. ஆட்களை உள்ளே அனுப்பிக் குடைந்து எடுப்பதைவிட மேலே இருப்பதை மொத்தமாக அகற்றிவிடுவது கம்பெனிக்கு மலிவு, காரணம் அவ்வளவுதான். முதலில் காட்டை மொட்டையடிக்கிறார்கள். அப்புறம் பாறையில் துளைபோட்டு, அம்மோனியம் நைட்ரேட்டும் டீசலும் கலந்த வெடிமருந்தை நிரப்பி வெடிக்கிறார்கள். உடைந்த பாறையை டிராக்லைன் என்ற ராட்சத இயந்திரம் வாரிப் போடுகிறது. அந்த இடிபாடு முழுவதையும் மறுபடி மேலே அடுக்க முடியாது, ஏனென்றால் உடைத்த பாறை உடையாத பாறையைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் பக்கத்துப் பள்ளத்தாக்கில் தள்ளிவிடுகிறார்கள். அங்கே ஓடும் ஓடை அதற்கடியில் போய்விடும். இப்படி மூடப்பட்ட ஓடைகளின் நீளம் சுமார் 2,000 மைல் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே கணக்கிட்டிருக்கிறது.

கேள்வி: மலைமேல் ஓடும் சின்ன ஓடைகள்தானே? கீழே பெரிய ஆறுகள் இருக்கின்றனவே?

பதில்: அந்தப் பெரிய ஆறுகள் இந்த ஓடைகளிலிருந்துதான் வருகின்றன! மேலே கெட்டது கீழே வந்தே தீரும். பல கோடி ஆண்டுகளாக உள்ளே மூடிக்கிடந்த பாறையை உடைத்துக் கொட்டும்போது மழைநீர் அதன் வழியாகக் கசிந்து சல்ஃபேட், செலினியம் போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு வருகிறது. செலினியம் கூடினால் மீன்குஞ்சுகள் ஊனமாகப் பிறக்கும். ஓடையின் ஆரோக்கியத்துக்கு அடையாளமான சில பூச்சியினங்கள் முதலில் காணாமல் போகும். 2010 ஜனவரியில் சயின்ஸ் இதழில் பன்னிரண்டு விஞ்ஞானிகள் சேர்ந்து எழுதிய கட்டுரை, இந்தச் சேதத்தைச் சீரமைப்பு வேலைகளால் ஈடுகட்ட முடியவில்லை, புதிய அனுமதி கொடுக்கக் கூடாது என்று நேரடியாகவே கேட்டது.

இது போக, வெட்டிய கரியைக் கழுவுகிற தண்ணீர் இருக்கிறது. அந்தக் கறுப்புக் கசடை மலைமேலேயே அணைகட்டித் தேக்கி வைக்கிறார்கள். 1972 பிப்ரவரி 26 அன்று மேற்கு வர்ஜீனியாவில் பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கின் மேலே இருந்த அப்படியொரு அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள், சுமார் 4,000 பேர் வீடிழந்தார்கள். உடைவதற்கு நான்கு நாள் முன்புதான் அரசு ஆய்வாளர் பார்த்துவிட்டுத் திருப்திகரம் என்று சொல்லியிருந்தார். கம்பெனி அதைக் கடவுளின் செயல் என்றது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், அணை கட்டியது கடவுளா? 2000 அக்டோபரில் கென்டக்கியின் மார்ட்டின் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) இன்னொரு தேக்கத்தின் அடிப்பகுதி உடைந்து, கீழே இருந்த கைவிடப்பட்ட சுரங்கம் வழியாகச் சுமார் 30 கோடி கேலன் கசடு ஓடைகளில் பாய்ந்தது. உயிர்ப்பலி இல்லை. ஆனால் ஓடைகளில் மீன் மிஞ்சவில்லை.

கேள்வி: சுற்றுச்சூழல் பேசுகிறவர்களுக்கு அந்த ஏழை மக்களின் வேலை கண்ணில் படாதா? கரியை நிறுத்தினால் அவர்கள் எங்கே போவார்கள்?

பதில்: அதிகம் பேர் கேட்டது இதைத்தான். நியாயமான கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1940-களில் மேற்கு வர்ஜீனியாவில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர்கள் இருந்தார்கள். இன்று இருபதாயிரம் கூட இல்லை. இந்த வீழ்ச்சி சூழல் போராளிகளால் வந்ததல்ல, அவர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1950-களிலேயே, சுரங்கத்துக்குள் இயந்திரங்கள் இறங்கியபோது தொடங்கியது. பிற்பாடு மலிவான இயற்கை எரிவாயு வந்து இன்னும் அடித்தது. மலையுச்சியை வெட்டும் முறை அந்த வரிசையில் வந்ததுதான். முன்பு நூற்றுக்கணக்கான ஆட்கள் செய்ததை வெடிமருந்தும் பெரிய இயந்திரமும் சிறு குழுவும் செய்துவிடும், அதற்காகவே அந்த முறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆளைக் குறைப்பதற்காகக் கொண்டுவந்த முறையை ஆட்களின் பெயரைச் சொல்லியே காப்பாற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல் கவுண்டியைப் பாருங்கள். கரிக்குப் பேர்போன இடம். 1950-ல் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் வாழ்ந்தார்கள், 2020 கணக்கெடுப்பில் இருபதாயிரத்துக்கும் குறைவு. அத்தனை கரி எடுத்தும் அந்த மக்களுக்கு என்ன மிஞ்சியது?

எதிர்த்தவர்கள் யார் என்பதும் முக்கியம். எங்கிருந்தோ வந்தவர்கள் இல்லை. 2003-ல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது பெற்ற ஜூடி போண்ட்ஸ் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள். தன் பேரன் ஓடையில் செத்த மீன்களைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகுதான் அவர் போராட்டத்துக்கு வந்தார், 2011-ல் புற்றுநோயில் இறந்தார். கேஃபோர்டு மலையில் லாரி கிப்சன் தன் குடும்பத்து நிலத்தை விற்க மறுத்தார். சுற்றிலும் மலைகள் இறங்கிக்கொண்டே போக, வந்தவர்களையெல்லாம் அழைத்துப் போய்க் காட்டிக்கொண்டே இருந்தார், 2012-ல் இறக்கும்வரை. இன்றைக்குச் சுரங்கத்தில் டிரக் ஓட்டிச் சம்பாதிக்கும் இளைஞர் மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, அவருக்கு வேறு வழி வைக்காதவர்கள் மீதுதான்.

கேள்வி: சட்டமே இல்லையா?

பதில்: இருக்கிறது. 1977-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட திறந்தவெளிச் சுரங்கச் சட்டம், தோண்டிய நிலத்தை ஏறக்குறைய பழைய வடிவத்துக்கே கொண்டுவர வேண்டும் என்கிறது. ஆனால் தொழிற்சாலை, குடியிருப்பு மாதிரி ஏதாவது பயன்பாட்டுக்கு விடுவதாக இருந்தால் உச்சியைத் தட்டையாகவே விடலாம் என்று ஒரு விலக்கும் அதிலேயே உண்டு. அந்த விலக்கு வழியாகத்தான் மலைகள் போயின, வருவதாகச் சொன்ன தொழிற்சாலைகளோ பெரும்பாலும் வரவில்லை. 1999-ல் சார்ல்ஸ் ஹேடன் என்ற நீதிபதி பள்ளத்தாக்கில் கொட்டுவதற்கு எதிராகத் தீர்ப்பளித்தார், 2001-ல் மேல்முறையீட்டில் ரத்து. அதற்கடுத்த ஆண்டே சுரங்கக் கழிவையும் ‘நிரப்புப் பொருள்’, அதாவது அனுமதி வாங்கி ஓடையில் கொட்டக்கூடிய பொருள், என்று சேர்த்துக்கொள்கிற மாதிரி விதியை மாற்றிவிட்டார்கள். 2016 டிசம்பரில் ஓடைகளைக் காக்க ஒரு புது விதி வந்தது, 2017 பிப்ரவரியிலேயே நீக்கிவிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், இந்தச் சுரங்கங்களுக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களின் உடல்நலம் பற்றித் தேசிய அறிவியல் கழகங்கள் நடத்திவந்த ஆய்வையும் பாதியில் நிறுத்தச் சொன்னது, அங்கே சுரங்கங்களைக் கண்காணிக்கும் உள்துறை. எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது இதுதான். மக்களுக்கு நோய் வருகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளக் கூடவா கூடாது?

கேள்வி: போராடி எதையாவது வென்றார்களா?

பதில்: வென்றார்கள். லோகன் கவுண்டியின் ஸ்புரூஸ் சுரங்கத்துக்குக் கொடுத்த அனுமதியைச் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் ரத்து செய்தது. கம்பெனி உச்ச நீதிமன்றம் வரை போனது, 2014-ல் வழக்கை எடுத்துக்கொள்ளவே நீதிமன்றம் மறுத்துவிட்டது. கசடு அணைக்குக் கீழே இருந்த மார்ஷ் ஃபோர்க் தொடக்கப்பள்ளிக்குப் பதிலாகப் பாதுகாப்பான இடத்தில் புதுப் பள்ளி கட்டினார்கள். பெற்றோர்களும் தாத்தாக்களும் ஆண்டுக்கணக்கில் நடையாய் நடந்து வாங்கியது அது.

கேள்வி: வெட்டிய மலையைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

பதில்: மலையை முடியாது. காட்டை ஓரளவு முடியும். கம்பெனிகள் வழக்கமாக மண்ணை இறுக்கி, புல்விதை தெளித்துவிட்டுப் போய்விடும், அந்த இறுகிய மண்ணில் மரம் வேர்விடாது. மண்ணை ஆழமாகக் கிளறித் தளர்த்தி உள்ளூர் மரங்களை நட்ட இடங்களில் மரங்கள் நன்றாகவே வளர்கின்றன. அதற்கும் புல்டோசர் ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும், முன்னாள் சுரங்கத் தொழிலாளிக்கு அது கைவந்த வேலை. பணம்தான் சிக்கல். 2021-ல் அமெரிக்க அரசு கைவிடப்பட்ட சுரங்கங்களைச் சீரமைக்க 1,100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது, ஆனால் அது 1977-க்கு முன்பு கைவிடப்பட்டவற்றுக்குத்தான். மலையுச்சிகளைப் பெரும்பாலும் வெட்டியது அதற்குப் பிறகு. அவற்றுக்குச் சீரமைப்புக்கு உத்தரவாதமாகக் கம்பெனி கட்டிய பிணைத்தொகைதான் கதி, கம்பெனி திவாலானால் அது பல நேரம் போதுவதில்லை. ஆகவே புதிய அனுமதிகளை நிறுத்துவதோடு, சீரமைப்புக்கு ஆகும் முழுச் செலவையும் வெட்டுவதற்கு முன்பே கட்டவைக்க வேண்டும், ஏற்கெனவே வெட்டிய இடங்களைச் சரிசெய்யும் வேலையை அந்த ஊர்க்காரர்களுக்கே கொடுக்க வேண்டும்.