கேமராவும் கையுமாக: வாசகர் கேள்வி – பதில்

(பதில் எழுதுபவர் கும்பகோணத்துக்காரர். வேலைக்காக ஜப்பானில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். படம் எடுப்பது இவருக்குத் தொழில் இல்லை, ஆசை.)

மகன் வேலைக்காக டோக்கியோ போகிறான். படம் எடுப்பதில் பைத்தியமாக இருக்கிறான். இங்கேயே நல்ல கேமரா வாங்கிக் கொடுத்து அனுப்பலாமா?
– வாசகர், திருவாரூர்

வேண்டாம் சார், வெறுங்கையோடு போகட்டும். முதல் சம்பளம் வந்ததும் ஷிஞ்சுகுவிலோ நகானோவிலோ இருக்கும் செகண்ட் ஹேண்ட் கேமரா கடைக்குப் போகச் சொல்லுங்கள். அங்கே கண்ணாடி அலமாரியில் ஒவ்வொரு லென்ஸோடும் ஒரு சின்னச் சீட்டு இருக்கும். தரம் என்ன, கீறல் எங்கே, உள்ளே தூசி உண்டா, பூஞ்சை உண்டா என்று கடைக்காரரே அதில் எழுதி வைத்திருப்பார். நாம் துருவித் துருவிக் கேட்க வேண்டியதை விற்கிறவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறாரே, அந்த ஊரில் நான் பார்த்த எந்த டெக்னாலஜியையும்விட எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. சீட்டில் ‘கபி’ என்றிருந்தால் பூஞ்சை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. சோனியில் ஜப்பான் சந்தைக்கென்று வரும் மாடல்களில் பெரும்பாலும் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் இருக்கும், மாற்ற முடியாது. வாங்குவதற்கு முன்பே மெனுவைத் திறந்து பார்க்கட்டும். வரியில்லாமல் வாங்கும் சலுகை சுற்றுலா வருகிறவர்களுக்குத்தான், வேலைக்குப் போகிறவர் 10 சதவீத வரியைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

காலையில் போனால் இரவு திரும்புகிற வேலையில் படம் எடுக்க நேரம் ஏது?
– வாசகர், மன்னார்குடி

நேரம்கூட கிடைத்துவிடும், வெளிச்சம்தான் கிடைக்காது. டிசம்பரில் டோக்கியோவில் நாலரை மணிக்கே சூரியன் போய்விடும். ஆபீஸ் விட்டு வெளியே வந்தால் கும்மிருட்டு. அதனால் வாரநாள் படங்கள் எல்லாமே கடை வெளிச்சத்திலும் ரயில் வெளிச்சத்திலும் எடுத்தவைதான். ஸ்டேஷன் நடைமேடையில் கேமரா முக்காலியை விரிக்கவும் விடமாட்டார்கள். பைக்குள் அடங்கும் சின்ன கேமரா, நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும்படி எஃப் 1.8 அளவுக்குத் திறக்கும் ஒரு லென்ஸ், இவ்வளவு போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிறவரைவிட ரயிலுக்குக் காத்திருக்கும் ஐந்து நிமிடத்தை விடாதவர் சீக்கிரம் தேறிவிடுகிறார்.

என் கணவர் டோக்கியோவில் இருந்தவரை அனுப்பிய வீடியோக்கள் நன்றாகத்தான் இருந்தன. ஒசாகாவுக்கு மாற்றலானபின் கடைக்குள் எடுப்பதில் எல்லாம் கறுப்புப் பட்டை ஓடுகிறது. கேமரா போய்விட்டதா?
– வாசகி, மயிலாடுதுறை

கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை அம்மா, மின்சாரம்தான் மாறியிருக்கிறது. ஜப்பானின் கிழக்குப் பகுதியில் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று, மேற்கில் 60. 1890-களில் டோக்கியோக்காரர்கள் ஜெர்மனியின் ஏஇஜி கம்பெனி ஜெனரேட்டரை வாங்கினார்கள், ஒசாகாக்காரர்கள் அமெரிக்காவின் ஜிஇ கம்பெனி ஜெனரேட்டரை வாங்கினார்கள். அன்றைக்குப் பிரிந்தது இன்றுவரை ஒன்று சேரவில்லை. ஷிஸுவோகா பக்கம் ஓடும் ஃபூஜி ஆறுதான் கிட்டத்தட்ட எல்லை. கல்லணையில் ஆறு பிரிவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஓர் ஆற்றின் இரு கரையிலும் கரண்டே வேறு என்பது பெரிய ஆச்சரியம். 2011 நிலநடுக்கத்தின்போது மேற்கே இருந்த மின்சாரத்தைக் கிழக்கே போதுமான அளவு அனுப்ப முடியாமல் போனதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, பட்டைக்கு வருவோம். ட்யூப்லைட்டும் மலிவான எல்இடியும் நம் கண்ணுக்குத் தெரியாமல் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வீதம் டோக்கியோவில் நொடிக்கு 100 முறை, ஒசாகாவில் 120 முறை. ஷட்டர் அதோடு ஒத்துப்போகாவிட்டால் பட்டை விழும். டோக்கியோவில் வைத்திருந்த ஷட்டர் வேகம், 1/50 அல்லது 1/100 நொடி, அப்படியே இருக்கும் போல. அதை 1/60 அல்லது 1/120 ஆக்கச் சொல்லுங்கள், சரியாகிவிடும். லீவில் மயிலாடுதுறை வந்தால் மறுபடி 1/50, நம் கரண்டும் 50 ஹெர்ட்ஸ்தான்.

ஜப்பானிலிருந்து வந்த போன் படம் எடுக்கும்போதெல்லாம் ‘கிளிக்’ என்று கத்துகிறது. சத்தத்தை நிறுத்த முடியவில்லையே?
– வாசகர், பாபநாசம்

அங்கே விற்கும் போன்களை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். சட்டம் எதுவும் போடவில்லை, 2000-வாக்கில் கேமரா போன் வந்ததுமே ரயிலில் பெண்களைத் திருட்டுத்தனமாகப் படம் எடுப்பதைத் தடுக்கக் கம்பெனிகளே கொண்டுவந்த ஏற்பாடு. வேறு கேமரா ஆப் போட்டால் சத்தம் போய்விடும். ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இருக்கிற மரியாதை நமக்கும் வேண்டும் என்று நினைக்கிறேன். நடவு நடும் பெண்களை வரப்பில் நின்று கேட்காமல் கொள்ளாமல் எடுத்துப் போகிறவர்கள் நம் பக்கம் எத்தனை பேர்! “அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா” என்று கேட்பதில் என்ன குறைந்துவிடும்? அவர்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சேறு படிந்த கையை வாய்க்காலில் அலசிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தப் படமே தனி. எடுத்தால் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அங்கே தெருமுனைக் கடையிலேயே போனிலிருந்து சில பத்து யென்னுக்கு பிரிண்ட் எடுக்கலாம், இங்கே ஸ்டுடியோவுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி ஏதோ தெரிகிறது. பீரோவில் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன்.
– வாசகர், நாகப்பட்டினம்

அது பூஞ்சை. பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் நூல் நூலாக ஓடுவது தெளிவாகத் தெரியும். நன்றாகப் பரவியிருந்தால் பிரித்துத் துடைக்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும், அதுவரை மற்ற லென்ஸ்களோடு சேர்த்து வைக்காதீர்கள். பீரோதான் முதல் எதிரி, இருட்டு, காற்றோட்டம் கிடையாது. அதில் அந்துருண்டையோ கற்பூரமோ போட்டிருந்தால் உடனே கேமராவை வெளியே எடுங்கள், அவற்றோடு வைக்கக் கூடாது என்று கேமரா கையேட்டிலேயே இருக்கும். தோல் உறையும் வேண்டாம், ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

ஜூன், ஜூலை மழையில் டோக்கியோவும் நம் ஐப்பசி, கார்த்திகை மாதிரிதான் நசநசக்கும். அங்கே படம் எடுக்கிறவர்கள் பலர் வீட்டில் ஈரப்பதத்தை 40–50 சதவீதத்தில் வைத்திருக்கும் டிரை கேபினட் உண்டு. நமக்கு அவ்வளவு செலவு வேண்டாம். சமையலறையில் பருப்பு போட்டுவைக்கிற இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், போதும். ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் மெதுவான தீயில் வறுத்து மறுபடி போடலாம், அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், வாரம் ஒருமுறையாவது கேமராவை வெளியே எடுத்துப் படம் எடுங்கள்.

அண்ணன் வெளிநாட்டிலிருந்து வரும்போது டிரோன் வாங்கி வரச் சொல்லலாமா?
– வாசகர், திருவையாறு

வேண்டாம் தம்பி. 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு டிரோன்களை இங்கே இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது, விமான நிலையத்திலேயே பறிபோய்விடும். அந்தப் பணத்துக்கு 35 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கி வரச் சொல்லுங்கள், உங்கள் கேமராவுக்குப் பொருந்துமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் ஊர் ஆராதனைப் பந்தலில் ராத்திரி வெளிச்சத்தில் பாடுகிறவர் முகத்தை எடுக்க அதைவிட நல்லது கிடைக்காது.